கிளாரினெட்டுக்குள் வரி எங்கே இருந்தது?

நடுவர் அய்யாவுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், பத்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு திரைப்பாடல் காலம் கடந்து நிற்பதற்குப் பெரிதும் காரணம் வரியா, மெட்டா? நான் மெட்டு அணி. இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. விழாக் குழுவினர் போன் செய்து, “அம்மா, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இடம் காலி. உங்களுக்கு எது வேணும்?” என்றார்கள். “மேடையில எந்தப் பக்கம் ஃபேன் இருக்கு?” என்று கேட்டேன். இப்படித்தான் இசையின் பக்கம் வந்து சேர்ந்தேன்.

ஆனால் எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அய்யா என்னை நிஜமாகவே இந்த அணிக்காரி ஆக்கிவிட்டார். என்ன சொன்னார்? “இசையமைப்பாளர் என்னய்யா செய்கிறார்? ஆர்மோனியத்தைத் திறக்கிறார், தன்னன்னா தானன்னா என்கிறார், மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார். உயிர் கொடுப்பவன் கவிஞன். தத்தகாரம் பாடி எந்தத் தாயாவது பிள்ளையைத் தூங்கவைத்திருக்கிறாளா?” இதைச் சொன்னதும் மூன்றாவது வரிசையில் ஓர் அண்ணன் விசில் அடித்தார். அண்ணே, நீங்கள் அடித்தது விசில். விசிலில் வரி கிடையாது. நீங்கள் எங்கள் அணி.

அந்தத் தாலாட்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் கல்யாணம். என் வீட்டுக்காரர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அதனால் பொய் சொல்ல முடியாது, கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை திறந்த கார், பெட்ரோமாக்ஸ் விளக்கு, முன்னால் பேண்டு வாத்தியம். பன்னிரண்டு பேர். மேலே எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு, கீழே அவரவர் வீட்டுப் பேண்ட். அவர்களுக்குத் தலைவர் கிளாரினெட் வாசிக்கும் ஒரு பெரியவர். நான் மண்டபத்து மாடி ஜன்னலில், தலையில் பாதிப் பூவோடு நிற்கிறேன். தெரு முனையில் கார் திரும்புகிறது. என் வாழ்க்கைத் துணை வருகிறார். கிளாரினெட் உருகி உருகி ஒரு பாட்டை எடுக்கிறது.

எங்கே நிம்மதி.

கிளாரினெட் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தியது. டிரம்பெட் அதை வாங்கி இன்னும் உரக்கக் கேட்டது. பெரிய டிரம்காரர் “டம்” என்று ஆமோதித்தார். தெருவே சிரிக்கிறது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் பெரியம்மாவுக்குத் தட்டு ஆடுகிறது. மாப்பிள்ளை ஒருவருக்கு மட்டும் விஷயம் புரியவில்லை. எல்லோரும் தன் கோட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, அவசரமாகப் பட்டனை மாட்டிக்கொண்டார்.

அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். “அய்யா, வேற பாட்டு வாசிங்க.” கிளாரினெட் பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. “சார், இது சிவாஜி பாட்டு சார். இதுதான் எனக்கு நல்லா வரும்.” “நல்லா வராத பாட்டா இருந்தாலும் பரவாயில்ல, மாத்துங்க.” பெரியவர் யோசித்தார். சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டார். ஆரம்பித்தார்.

போனால் போகட்டும் போடா.

என் தாய்மாமா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இரண்டாம் முறை ஓடினார். மூன்றாவதாகத்தான் ‘வாராயென் தோழி’ வந்தது, நானும் கீழே இறங்கி வந்தேன். பெரியவர் ‘வீடு வரை உறவு’ பக்கம் போகாததற்குக் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தோம்.

இது நான் சொல்லும் கதை. என் மாமியார் சொல்லும் கதையில், அந்த முதல் பாட்டை வாசிக்கச் சொல்லி ஏற்பாடு செய்ததே பெண் வீட்டார்தான். என் வீட்டுக்காரரின் கதை இன்னும் சுருக்கம். “முதல் பாட்டு எனக்கு எச்சரிக்கை, ரெண்டாவது பாட்டு ஆறுதல். ரெண்டையும் நான் கவனிக்கல” என்பார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதையே சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பிக்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும்.

இப்போது பேராசிரியர் அய்யாவைக் கேட்கிறேன். கிளாரினெட்டுக்குள் வரி எங்கே இருந்தது? கவிஞர் அங்கே இல்லை. டி.எம்.சௌந்தரராஜன் இல்லை. சிவாஜி இல்லை. 1964இல் வந்த ‘புதிய பறவை’க்காக அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஒரு படையையே கூட்டிவைத்து வாசித்தார்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர். அதில் நான்கு பேர் சும்மா கூட நடந்து வந்தவர்கள். எல்லாவற்றையும் கழித்த பிறகு என்ன மிச்சம்? மெட்டு. அது ஒன்று போதும், தெரு முழுக்கச் சிரித்தது.

அய்யா எழுந்து ஏதோ சொல்கிறார். “வரியை நினைத்துத்தானே சிரித்தார்கள்” என்கிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். வரியை யார் கொண்டுவந்தது? நாங்கள் பத்திரிகையோடு அச்சடித்தா கொடுத்தோம்? மெட்டு தன் தோளில் தூக்கிவந்து இறக்கிவைத்த பிறகுதான் வரி ஞாபகம் வந்தது. இதை மாற்றிச் செய்துபாருங்கள். நடுவர் அய்யா, உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். ‘எங்கே நிம்மதி’ என்ற இரண்டே சொல்லை இழுக்காமல், பாடாமல், “எங்கே சாவி” என்று கேட்பதுபோலக் கேளுங்கள். பாருங்கள், நடுவருக்கே வரவில்லை! அவருக்குத் தலை ஆடுகிறது.

அதுவும் அந்த மூன்று பாட்டும் ஒரே வீட்டுச் சரக்கு என்பதைக் கவனித்தீர்களா? ‘புதிய பறவை’, ‘பாலும் பழமும்’, ‘பாசமலர்’, மூன்றுக்கும் இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. விரக்திக்கு, தத்துவத்துக்கு, தோழியைக் கல்யாண மேடைக்குக் கூப்பிடுவதற்கு என்று அந்தக் கிளாரினெட் பெரியவர் வேறு கடைக்கே போகவில்லை.

சரி, தாலாட்டு. தத்தகாரம் பாடி எந்தத் தாய் பிள்ளையைத் தூங்கவைத்தாள்? எல்லாத் தாயும்தான் அய்யா! உங்களை உங்கள் அம்மா என்ன பாடித் தூங்கவைத்தார்கள்? “ஆராரோ ஆரிரரோ.” நீங்கள் தமிழ்ப் பேராசிரியர். பதவுரை சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன். ஆராரோவுக்கு எழுவாய் எது, பயனிலை எது? மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று அர்த்தமுள்ள வரியெல்லாம் நடுவில்தான் வரும். பிள்ளை கண்ணை மூடுவது ஆராரோவுக்கு. நடு வரியைக் கவனித்துக் கேட்கிற பிள்ளை தூங்காது, பிற்காலத்தில் பேராசிரியர் ஆகும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அய்யா. ஆனால் நீங்கள் தன்னன்னாவைத் தொட்டுவிட்டீர்கள். விட முடியாது. நாற்று நடுகிறவர்கள் எதை வைத்து ஆரம்பிப்பார்கள்? “தன்னானே.” அதை முதலில் போட்டுக்கொண்டு, அதன் அளவுக்கு வரியை அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டு போவார்கள். அது கிராமத்துப் பாட்டு என்பீர்கள். அப்படியானால் திருப்புகழுக்கு வாருங்கள். “முத்தைத்தரு பத்தித் திருநகை” என்று தொடங்கும் பாட்டுக்கு மேலே புத்தகத்தில் என்ன அச்சடித்திருக்கிறது? “தத்தத்தன தத்தத் தனதன.” சந்தத்தை மேலே போட்டுவிட்டுத்தான் பாட்டையே போடுகிறார்கள். அருணகிரிநாதரின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் தத்தகாரத்தை, நீங்கள் காப்பி குடிக்கப் போகிற வேலை என்று சொல்லிவிட்டீர்கள்!

கவியரசரும் இதற்கு விலக்கில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் தத்தகாரம் சொல்வார், கண்ணதாசன் அதற்கு வரி சொல்வார், உதவியாளர் எழுதிக்கொள்வார். சில நேரம் வரி முதலில் வரும், மெட்டு அதற்குப் பின்னால் வரும். இரண்டும் நடந்ததுதான். 1975இல் ‘அவன்தான் மனிதன்’ படத்தில் ‘அன்பு நடமாடும் கலைக்கூடமே’ என்று ஒரு பாட்டு. வரிக்கு வரி ‘மே’ என்றே முடியும். பாடிப்பார்த்தால்தான் தெரியும், அந்த ‘மே’ ஒவ்வொன்றும் எந்த ஸ்வரத்தில் போய் உட்காருகிறது என்று. அந்த மேயில் பாதி விஸ்வநாதனுக்கு. ‘பாசமல’ரில் தாலாட்டு எழுதும்போது அதே கவியரசர் ஆரிராரோவை விட்டாரா? விடவில்லை. விடுவதற்கு அவர் என்ன, எதிரணியா?

இரண்டு பேருக்கும் பிறந்தநாள்கூட ஒன்றுதான். ஜூன் 24. கவிஞர் 1927, இவர் 1928. ஒரு வருடம் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்துக்கு எதிரணிக்கு வேண்டுமானால் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மதிப்பெண் போட்டவர்கள் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? டெல்லியில் 1968ஆம் ஆண்டுப் படங்களுக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். சிறந்த பாடலாசிரியர் கண்ணதாசன், படம் ‘குழந்தைக்காக’. சிறந்த பாடகி பி.சுசீலா, படம் ‘உயர்ந்த மனிதன்’. இரண்டு படத்துக்கும் இசை யார்? விஸ்வநாதன். அப்புறம் 1975. சிறந்த பாடகி வாணி ஜெயராம், படம் ‘அபூர்வ ராகங்கள்’. இசை? அதே விஸ்வநாதன். எழுதியவருக்கு விருது, பாடியவர்களுக்கு விருது, மெட்டுப் போட்டவருக்குக் கடைசிவரை தேசிய விருதே கிடையாது. பத்ம விருதும் கிடையாது. இலை போட்டவருக்குச் சன்மானம், பரிமாறியவருக்குச் சன்மானம், சமைத்தவர் கொல்லைப்புறத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். இன்றைக்கு நீங்களும் அதையே செய்துவிடாதீர்கள் நடுவர் அய்யா.

(இதற்கு என் அணித் தலைவர் மட்டும்தான் கைதட்டினார். பரவாயில்லை, நான் பார்த்துக்கொண்டேன்.)

இன்றைக்கு இந்த நிகழ்ச்சி எப்படித் தொடங்கியது? எல்லோரும் எழுந்து நின்றோம். ஐம்பத்தைந்து விநாடி, ஒருவரும் அசையவில்லை. மனோன்மணீயம் சுந்தரனாரின் நாடகம் அச்சில் வந்தது 1891. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அதிலிருந்த வாழ்த்தைப் பாடி வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்டது 1970இல். மோகன ராகத்தில் மெட்டுப் போட்டுக் கொடுத்தவர் இதே விஸ்வநாதன். அதற்குப் பிறகு காலை வெயிலில் வரிசையில் நிற்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது வாயில் வந்துவிட்டது. “தெக்கணமும்” என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று மட்டும் பிசகாமல் தெரியும். நான் ஆசிரியை, சார். தினமும் பார்க்கிறேன்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். இனி நான் வாதம் செய்யப்போவதில்லை. ஒரு கதை சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளி. விஸ்வநாதனுக்கு நான்கு வயதில் அப்பா போய்விட்டார். வறுமை தாங்காமல் அவர் அம்மா மகனோடு உயிரை விட்டுவிடத் துணிந்தார். தாத்தா வந்து தடுத்துக் கூட்டிப்போனார். தாத்தா கொஞ்சம் பிந்தியிருந்தால், எனக்கு இன்றைக்கு மூன்று பாட்டு இல்லை, உங்களுக்கு எத்தனை இல்லையோ நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பையன் சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றான். நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டான். கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

1948இல் ‘அபிமன்யு’ படம். ஒரு பாட்டுக்கு நாயுடுவுக்கு மெட்டுப் பிடிபடவில்லை. அவர் வெளியே போயிருந்த நேரத்தில் பையன் ஆர்மோனியத்தில் கைவைத்து வாசித்துக்கொண்டிருக்கிறான். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டார். திட்டவில்லை. அந்த மெட்டையே எடுத்துக்கொண்டார், “வெளியே சொல்லாதே” என்றார். ‘புது வசந்தமாமே வாழ்விலே’ என்ற அந்தப் பாட்டு வந்தது நாயுடு பெயரில். பாட்டு ரசிகர்கள் தலைமுறையாகச் சொல்லி வரும் கதை இது. இதோடு நின்றிருந்தால் நாயுடுவை நாம் திருடன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

அவர்கள் வேலை பார்த்த ஜூபிடர் படநிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குப் போனது. ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்புகிறார்கள். அப்போது நாயுடு முதலாளியிடம் போய்ச் சொன்னார், என் பெயரில் வந்த மெட்டுகளில் இவன் போட்டவையும் உண்டு, அப்போதே சொல்லியிருந்தால் எடுபிடிப் பையன் மெட்டு என்று ஒதுக்கியிருப்பீர்கள், இவனைக் கைவிடாதீர்கள், சென்னைக்குக் கூட்டிப்போங்கள் என்று. நல்ல பெயரோடு இருக்கிற ஒரு மனிதர், தன் பெயரிலிருந்து கொஞ்சம் பிய்த்து ஒரு பையனின் கையில் வைத்தார்.

அதற்குப் பின்னால் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், இரண்டாம் மணி அடிப்பதற்குள். சி.ஆர்.சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம். அதே குழுவில் வயலின் வாசித்தவர் டி.கே.ராமமூர்த்தி. 1952இல் சுப்பராமன் இருபத்தெட்டு வயதில் இறந்துபோக, பாக்கி நின்ற படங்களை இந்த இரண்டு பேரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருடம் ‘பணம்’ படத்தில் இரண்டு பெயரையும் கலைவாணர் சேர்த்துப் போட்டார். வயதில் மூத்த ராமமூர்த்தியின் பெயர் பின்னால். “பெரியவன் பின்னால் நின்று தாங்கிக்கொள்” என்றாராம் கலைவாணர். 1963இல் மெல்லிசை மன்னர்கள் என்று பட்டம். 1965இல் பிரிந்தார்கள். முப்பது வருடம் கழித்து ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். 2012இல் தமிழக அரசு இருவருக்கும் திரை இசைச் சக்கரவர்த்தி பட்டம் கொடுத்தது. அடுத்த வருடம் ராமமூர்த்தி போனார், 2015 ஜூலையில் இவர் போனார்.

நடுவில் ஒன்று. சுப்பையா நாயுடுவுக்கு வயதாகிவிட்டது. அவரையும் அவர் மனைவியையும் விஸ்வநாதன் தன்னோடு வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். நாயுடு இறந்தபோது மகன் இடத்தில் நின்று செய்ய வேண்டியதைச் செய்தார். இதில் வரி எங்கே, மெட்டு எங்கே என்று கேட்காதீர்கள். எனக்குச் சொல்லத் தோன்றியது.

இரண்டாம் மணி. முடித்துவிடுகிறேன் அய்யா, அரை நிமிடம்.

அந்தக் கல்யாணக் கதையில் நான் எப்போதும் விட்டுவிடுகிற ஒரு பகுதி இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் என்னை அனுப்பிவைத்துவிட்டு, அப்பா மண்டபத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். பந்திப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கிளாரினெட் பெரியவர் பாக்கிப் பணம் வாங்க வந்து, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றிருக்கிறார். அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “நேத்து முதல்ல ஒண்ணு வாசிச்சீங்களே, நல்லா வரும்னு. அதை வாசிங்க” என்றாராம்.

தாய்மாமா தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அப்பா இறந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். டிரம்பெட் இல்லை, டிரம் இல்லை, ஒற்றைக் கிளாரினெட். அப்பா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முழுப் பாட்டையும் கேட்டாராம்.

வணக்கம்.